யூனிஃபார்ம் வாடகைக் கம்பெனியில சேல்ஸ் வேலை, பினாங்குல: போகலாமா?

பிறை பையன், 3 ஆகஸ்ட் 2025, இரவு 9:40

யூனிஃபார்ம் வாடகைக்குக் கொடுக்கிற கம்பெனி ஒண்ணுல சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் வேலை கிடைச்சிருக்கு. அடிப்படைச் சம்பளம் 2,800 வெள்ளி (ரிங்கிட்), அதுக்கு மேல கமிஷன், பெட்ரோல், டோல் கிளெய்ம். இப்ப போன் கடையில இருக்கேன். இன்டர்வியூவுல மேனேஜர், "ரொம்ப ஈசி, எல்லா கிலாங்குக்கும் (ஃபேக்டரிக்கும்) யூனிஃபார்ம் வேணும்தானே"ன்னாரு. நெட்ல அமெரிக்காக்காரங்க எழுதினதைப் படிச்சா வயித்தைக் கலக்குது. நாள் முழுக்கக் கதவு தட்டணுமாம். இங்க யாராவது பார்த்த வேலையா? உண்மையைச் சொல்லுங்க.

சுங்கை நிபோங் அக்கா, 3 ஆகஸ்ட், இரவு 11:05

பார்த்த வேலைதான், பினாங்குப் பாலத்துக்கு ரெண்டு பக்கமும் அலைஞ்சு. இப்ப வேற இடத்துல இருக்கேன்.

எல்லா கிலாங்குக்கும் யூனிஃபார்ம் வேணும், வாஸ்தவம். எல்லா கிலாங்கும் ஏற்கெனவே எவன்கிட்டயோ வாங்கிக்கிட்டும் இருக்கு. அந்தப் பாதியை மேனேஜர் சொல்லலை.

சேர்றதுக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணு தம்பி. அவங்க துவைக்கிற இடத்தைக் காட்டச் சொல்லு. கமிஷன் எத்தனை பர்சன்ட்னு அப்புறம் கேக்கலாம்.

4 ஆகஸ்ட், காலை 7:20

ராத்திரி தூக்கக் கலக்கம். இப்ப கொஞ்சம் விளக்கமா.

வாடகைன்னதும் கல்யாணத்துக்குக் கோட் எடுக்கிற கடைன்னு நினைச்சுக்காதே. கம்பெனி தன் காசுல துணி எடுத்து, கஸ்டமர் லோகோ வச்சுத் தைச்சு, ஆளுக்கு இத்தனை செட்டுன்னு கொடுக்கும். ஒவ்வொரு உருப்படியிலயும் பார்கோடு, இல்லைன்னா சிப் இருக்கும். ஷிப்டு முடிஞ்சா அழுக்கைக் கூடையில போட்டுட்டுப் போயிடுவாங்க. லோரி வாரத்துக்கு ரெண்டு தடவை வந்து அழுக்கை ஏத்திக்கிட்டு, வெளுத்ததை இறக்கிட்டுப் போகும். பட்டன் போனாலும் ஜிப் போனாலும் கம்பெனியே சரி பண்ணித் தரணும். ஆள் குண்டானா சைஸ் மாத்தணும். எல்லாத்துக்கும் சேர்த்து ஆளுக்கு வாரம் இவ்வளவுன்னு பில்லு. ஒப்பந்தம் பெரும்பாலும் 3 வருஷம்.

நீ படிச்ச அமெரிக்கக் கதை வேற. அங்க வாரத்துக்கு ஒரு தடவைதான் லோரி, அதனால ஆளுக்கு 11 செட்டுங்கறது வழக்கம்: 5 அலமாரியில, 5 டோபியில (துவைக்கிற இடத்துல), 1 உடம்புல. கஸ்டமரும் சின்னச் சின்ன ஆளுங்க, கார் வொர்க்‌ஷாப், ரெஸ்டாரன்ட். அதான் தெருத்தெருவா கதவு தட்டறது. இங்க வொர்க்‌ஷாப் தவுக்கே (முதலாளி) சிங்லெட்டோட வேலை பார்ப்பாரு, அவர்கிட்ட என்ன விக்கப் போறே? நமக்கு கிலாங்தான் கஸ்டமர். தட்டறதுக்குக் கதவே இல்லை, செக்யூரிட்டி கார்டு போஸ்ட்தான். அங்க நேப்பாளி கார்டு உன் ஐசியை (அடையாள அட்டையை) வாங்கி வச்சுக்கிட்டு, "அப்பாயின்மென்ட் இருக்கா"ன்னு கேப்பாரு. அந்தக் கேள்வியைத் தாண்டறதுதான் முதல் மாசத்து வேலை.

4 ஆகஸ்ட், மதியம் 1:15

ஒருத்தர் கேட்டிருக்காரு: "துணியை வாங்கிக் கொடுத்துட்டாப் போச்சு, வாடகை எதுக்கு?"

ஒவ்வொரு பர்ச்சேசிங் ஆளும் இதைத்தான் கேப்பாரு. உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 300 பேர், ஆளுக்கு வாரம் 6 வெள்ளி. வாரத்துக்கு 1,800. வருஷத்துக்கு 93,600. மூணு வருஷத்துக்கு 280,800 வெள்ளி. ஆளுக்கு ரெண்டு செட்டு, செட்டு 60 வெள்ளின்னு வாங்கிக் கொடுத்துட்டா 36,000-த்தோட முடிஞ்சுது. கால்குலேட்டரை உன் பக்கம் திருப்பி வச்சுட்டு முகத்தைப் பார்ப்பாரு.

டி-ஷர்ட்டும் பேன்ட்டும் போட்டுப் பெட்டி கட்டற கிலாங்னா அவர் சொல்றதுதான் நியாயம். நான் அங்க மல்லுக்கட்ட மாட்டேன், கொடுத்த காப்பியைக் குடிச்சுட்டு எழுந்துடுவேன். வீட்டு மெஷின்ல துவைக்கவே கூடாத துணி எங்க இருக்கோ அங்கதான் இந்த வியாபாரம் நிக்கும். கம்ப்யூட்டர் சிப் கிலாங், மருந்து கிலாங், சாப்பாட்டு கிலாங், எண்ணெயும் கிரீஸும் ஊறற மெஷின் ஷாப். அங்க துணி விலையை யாரும் பேச மாட்டாங்க, துவைப்பைத்தான் பேசுவாங்க. அதுக்குத்தான் துவைக்கிற இடத்தைப் போய்ப் பாருன்னு சொன்னேன். அதைப் பார்க்காம நீ எதை விப்பே?

4 ஆகஸ்ட், இரவு 10:30

துவைப்பு பத்திக் கேட்டவங்களுக்கு.

பாயான் லெப்பாஸ்ல 1972-ல வரியில்லா வட்டாரம் திறந்தாங்க, இன்டெல் வந்ததும் அதே வருஷம். எங்கம்மா 80-கள்ல அந்தப் பக்கம் ஒரு அசெம்பிளி லைன்ல ஆபரேட்டர். ஸ்மோக்கை (சட்டைக்கு மேல போடற வேலைக் கோட்டை) வீட்டுக்குக் கொண்டு வந்து, பிரஷ் போட்டுத் தேய்ச்சு, ஃபிளாட் வெளிய மூங்கில் கம்புல காயப் போடுவாங்க. இன்னிக்கு கிளீன்ரூம்ல, அதான் தூசு புகாத அறையில, அப்படிப் பண்ணினா வேலை போயிடும்.

ஐஎஸ்ஓ 5-ங்கற சுத்தத் தரத்துல உள்ள கிளீன்ரூம்னா, ஒரு கன மீட்டர் காத்துல 0.5 மைக்ரானும் அதுக்கு மேலயும் உள்ள தூசு 3,520-க்கு மேல இருக்கக்கூடாது. அந்த அறைக்குள்ள பெரிய தூசு மூட்டையே மனுஷந்தான்: தோல், முடி, உள்ளே போட்டிருக்கிற சட்டை. முழு அங்கியோட வேலை அவன்கிட்ட இருந்து அறையைக் காப்பாத்தறது. பருத்தி ஆகாது, பஞ்சு உதிரும். அறுந்து உதிராத நீள இழை பாலியெஸ்டர், அதுக்குள்ள கார்பன் நூல் கோடு கோடாவோ கட்டம் கட்டமாவோ ஓடும், ஸ்டாட்டிக் கரண்ட் சேராம இருக்க. அதைத் துவைக்கிற இடமும் ஒரு கிளீன்ரூம்தான். தண்ணியை வடிகட்டணும், டிரையருக்குள்ள போற காத்தை வடிகட்டணும், மடிச்சுப் பையில போட்டு ஒட்டறவங்களும் அதே அங்கி போட்டிருக்கணும். சாஃப்ட்னர் வாசனைக்குக்கூட ஆகாது, துணி மேல படிஞ்சிடும்.

சோதனை ரெண்டு இருக்கு. ஹெல்ம்கே டிரம்னு ஒண்ணு: சுத்தற டிரம்முக்குள்ள அங்கியைப் போட்டு உருட்டி, உதிர்ற தூசை மெஷின் எண்ணும். இன்னொண்ணு ஒரு கை நுனியில இருந்து மறு கை நுனிக்கு மின்தடை அளக்கறது. அது 10-இன் 11-ஆம் அடுக்கு ஓமுக்குக் கீழ இருக்கணும். கார்பன் நூல் துவைக்கத் துவைக்க உடையும், எண் ஏறும், ஒரு கட்டத்துல அங்கியைத் தூக்கிப் போடணும். பார்க்கப் புதுசாத்தான் இருக்கும்! பர்ச்சேசிங்காரருக்கு அதை ஒத்துக்கவே மனசு வராது.

இந்த ரெண்டையும் தடுமாறாம சொல்லத் தெரிஞ்சா கியூஏ (தரம் பார்க்கிற) எஞ்சினியர் உன்னை உட்கார வைப்பாரு. விலைப் பட்டியலை மட்டும் நீட்டினா லாபியோட சரி.

5 ஆகஸ்ட், காலை 8:02

ஆமா, பாலியெஸ்டர் வேர்க்கும். ஏர்கான் அறைக்குத் தாங்கும்.

வெல்டிங் நடக்கிற இடத்துல மட்டும் அதை விக்காதே. தீப்பொறி பட்டா உருகித் தோல்ல ஒட்டிக்கும். "கஸ்டமரே விலை குறைஞ்சதைத்தான் கேக்கறாரு, கொடுத்துடு"ன்னு மேலிடத்துல சொல்லுவாங்க. டார்கெட் போனாப் போகுது.

6 ஆகஸ்ட், இரவு 9:50

எண்ணிக்கை. இந்த வேலையில வாழ்வும் சாவும் அதுலதான். நீ போன் விக்கிற ஆளு, வித்தா முடிஞ்சுது. இங்க கையெழுத்தான அன்னிக்குத்தான் ஆரம்பம்.

பிறையில ஒரு சாப்பாட்டு கிலாங், மீன் உருண்டை வகையறா. பின்பக்கம் லோடிங் பே, தரை பூரா ஐஸ் உருகின தண்ணி, கவிச்சி வாடை. அவங்க ஸ்டோர் மக்சிக் (மலாய்க்கார அம்மா) வெள்ளைக் கோட்டுகளைப் பத்துப் பத்தா சேர்த்து, பதினொண்ணாவது கோட்டோட கையாலயே முடிச்சுப் போட்டு வச்சிருப்பாங்க. முடிச்சுப் போட்ட கோட்டையும் எண்ணணுமா வேண்டாமாங்கறதுலயே டிரைவர் அண்ணனுக்கும் அவங்களுக்கும் தகராறு. அன்னிக்கு மழை. பின்னாடி இன்னொரு லோரி ஹாரன் அடிக்குது. சீட்டுல 412-ன்னு இருந்துச்சு, அண்ணன் எண்ணாம கையெழுத்துப் போட்டுட்டாரு. டோபியில ஸ்கேன் பண்ணினா 397. பதினஞ்சு உருப்படி காணோம். கோட்டு 45 வெள்ளின்னு மாசக் கடைசியில 675 வெள்ளி பில்லுல ஏறிடுச்சு. போன் யாருக்கு வரும்? டிரைவருக்கு இல்லை, அக்கவுண்ட்ஸுக்கும் இல்லை. சேல்ஸுக்கு.

நேரா போனேன். முடிச்சுக் கணக்குல கொஞ்சம் தேறுச்சு. மீதியைத் தேடிக்கிட்டு சில்லர் ரூமுக்குப் போனா, அங்க நிக்கிற பொண்ணுங்க ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு கோட்டு போட்டிருக்காங்க. குளிருதாம். கம்பெனி கொடுத்த ஜாக்கெட் ஷிப்டுக்கு நாலுதான், அதுவும் லைன் லீடர் அலமாரியில பூட்டிக் கிடக்கு. எச்ஆர் அம்மா ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசலை, அப்புறம் குளிர் ஜாக்கெட்டுக்கு விலை கேட்டாங்க. அந்த வருஷம் நான் போட்ட நல்ல ஆர்டர்ல அது ஒண்ணு. 675 வெள்ளியைத் தள்ளுபடி பண்ண ஆபீசுல சண்டை போட வேண்டியிருந்துச்சு, அது தனிக் கதை.

லோரி டிரைவர் கையிலதான் உன் கஸ்டமர் இருக்காரு. அவரைப் பகைச்சுக்கிட்ட எந்த சேல்ஸ் ஆளும் நிலைச்சதில்லை. வாய்க்கிறப்போ லோரியில அவர் பக்கத்துல உட்கார்ந்து ரவுண்டு போயிட்டு வா, பசியாற வாங்கிக் கொடு.

7 ஆகஸ்ட், மதியம் 12:40

கூலிம்ல வேலை பார்க்கிற ஒருத்தர், அவங்க கிலாங்குக்கு லோரி தினமும் வருதுன்னு சொல்றாரு. இருக்கும். அங்கியை ஷிப்டுக்கு ஷிப்டு மாத்தற இடத்துல வாரம் ரெண்டு தடவை பத்தாது. நான் சொன்னது சாப்பாட்டு கிலாங், மெஷின் ஷாப் கணக்கு.

சாப்பாட்டு கிலாங் பத்தி இன்னும் ரெண்டு. இடுப்புக்கு மேல வெளிப்பாக்கெட் இருக்கக்கூடாது, பேனா மாவுக்குள்ள விழும். பட்டன் கூடாது, அமுக்கற பட்டன்தான். பச்சை இறைச்சிப் பக்கம் ஒரு நிறம், வெந்த பக்கம் வேற நிறம். ஹலால் கமிட்டி இருந்தா, "உங்க டோபியில வேற யார் துணி வருது"ன்னு கேப்பாங்க. மழுப்பாதே. 2017-ல மூவார்ல ஒரு டோபிக் கடை முஸ்லிம்களுக்கு மட்டும்னு போர்டு வச்சு, ஜொகூர் சுல்தானே கண்டிச்சு எடுக்கச் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? துணி விஷயம் நம்ம நாட்டுல லேசுப்பட்டதில்லை. பன்றி இறைச்சி கிலாங் துணி உங்க மெஷினுக்கு வருதா வரலையான்னு பிளான்ட் மேனேஜர்கிட்ட எழுத்துல வாங்கி வச்சுக்கோ.

9 ஆகஸ்ட், மாலை 6:15

"எப்படி கஸ்டமர் பிடிக்கிறது, அதைச் சொல்லுங்க"ன்னு பிறை பையன் தனியா கேட்டாப்ல. எல்லாருக்குமே சொல்றேன்.

ஒரு நோட்டு. எந்த கிலாங் யார்கிட்ட வாங்குது, ஒப்பந்தம் எப்ப முடியுது. அவ்வளவுதான். ஒப்பந்தத்துல சின்ன எழுத்துல ஒரு வரி இருக்கும்: முடியறதுக்கு 90 நாளைக்கு முன்னாடி எழுத்து மூலமா வேண்டாம்னு சொல்லலைன்னா தானாவே நீண்டுடும்னு. 60 நாள், 180 நாள்னும் பார்த்திருக்கேன். அந்த வாசல் திறக்கிற மாசத்துல நீ எதிர்ல நிக்கணும். ஒரு மாசம் தாமதமாப் போனா, எவ்வளவு நல்ல விலை கொடுத்தாலும் உதட்டைப் பிதுக்குவாங்க.

தேதி எப்படித் தெரியும்? எச்ஆர் சொல்ல மாட்டாங்க. ஸ்டோர் அங்கிள் சொல்லுவாரு, கேன்டீன் நடத்தறவங்க சொல்லுவாங்க. புதுசா லோகோ மாத்தின வருஷம் தெரிஞ்சா அதுல 3 கூட்டிப் பாரு. பத்து காவான் பக்கம் இன்னும் வளர்ந்துக்கிட்டு இருக்கிற இடம். 2014-ல ரெண்டாவது பாலம் திறந்த பிறகு கிலாங் ஒண்ணொண்ணா வந்துச்சு. புது கிலாங்குக்குப் பழைய சப்ளையர் கிடையாது. கட்டடத்துல சாரம் நிக்கும்போதே போய்க் கார்டு கொடு.

அரசாங்க ஆஸ்பத்திரிப் பக்கம் பெட்ரோல் வீணாக்காதே. துணி துவைப்பு உட்பட அஞ்சு சேவையை 1997-லயே பெரிய கம்பெனிங்களுக்குக் கொடுத்தாச்சு.

நம்மூர்ல நமக்கு ஒரு வசதி. பர்ச்சேசிங்ல ஹோக்கியன், எச்ஆர்ல மலாய், ஸ்டோர்ல தமிழ், எஞ்சினியர்கிட்ட இங்கிலீஷ். ஒரே கிலாங்குல நாலு பாஷையும் ஓடும். "சியா பா போய்"ன்னு, அதான் சாப்டாச்சான்னு, ஹோக்கியன்ல நான் கேட்டதும் சிரிச்சுட்டு நாற்காலியைக் காட்டினவங்க நிறைய பேர். ஆர்டர் கொடுத்தாங்களான்னு கேக்காதீங்க.

9 ஆகஸ்ட், இரவு 11:30

"தானா நீளறது ஏமாத்து வேலை இல்லையா?"

கஸ்டமருக்குத் தெரியாம நீண்டா ஏமாத்துதான். நான் அந்த வரியை விரல் வச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்குவேன். அதனால போன ஆர்டரும் உண்டு. ஆனா கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. 300 பேருக்குத் துணி தைச்சு லோகோ வச்சாச்சு, ஆறு மாசத்துல கஸ்டமர் போயிட்டா அந்தத் துணியை வேற யாருக்கும் போட முடியாது. அதனாலதான் நடுவுல விட்டா மீதி மதிப்புக்குப் பில்லு வரும். இந்தக் கணக்கை முதல் நாளே ஒரு தாள்ல போட்டுக் காட்டிடு. பின்னாடி வக்கீல் நோட்டீஸ்ல அவங்க பார்க்க வேண்டாம்.

10 ஆகஸ்ட், மதியம் 3:00

ஞாயித்துக்கிழமை, வேற வேலை இல்லை, வேற பேச்சு.

நான் சேர்ந்தப்போ பெரியப்பா ஒருத்தர், "படிச்ச பொண்ணு டோபி வேலைக்கா போறே"ன்னாரு. அதுக்குள்ள என்ன ஒளிஞ்சிருக்குன்னு நமக்கெல்லாம் தெரியும். சாதியை இங்கயும் கப்பல்ல ஏத்திக்கிட்டு வந்தவங்கதானே. ஆயர் ஈத்தாம் ஆத்துப் பக்கம் டோபி காட் இருக்கே, நம்ம வண்ணாந்துறை, அங்க ஆத்துத் தண்ணியில அடிச்சுத் துவைச்சு இந்த ஊரையே வெள்ளையா உடுத்த வச்சாங்க. பெரியப்பா வேட்டியும் அங்க போய் வந்ததுதான்.

ஊர்ல அந்தக் காலத்து வண்ணார் சேராங்கொட்டைச் சாறால துணி ஓரத்துல ஒரு குறி போடுவாராம். எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் அது போகாது. குறியைப் பார்த்தே யார் வீட்டுத் துணின்னு பிரிச்சுடுவாரு. நம்ம பார்கோடு நூறு துவைப்புல உரிஞ்சு வருது.

14 ஆகஸ்ட், இரவு 8:45

"மோசமான காலம் எது?" 2020 மார்ச் 18, நடமாட்டக் கட்டுப்பாடு. கிலாங் மூடிட்டாங்க, இல்லைன்னா பாதி ஆள். ஒப்பந்தத்துல குறைந்தபட்ச பில்லுன்னு ஒரு வரி உண்டு, ஆள் வந்தாலும் வராட்டாலும் இவ்வளவு கட்டணும்னு. அதைக் காட்டி வசூல் பண்ணச் சொன்னாங்க. எதிர்ப்பக்கம் இருக்கிற எச்ஆர் தன் ஆளுங்க சம்பளத்தையே வெட்டிக்கிட்டு இருக்காங்க. எந்த முகத்தோட பேசறது? சிலருக்கு ஒப்பந்தத்தை அத்தனை மாசம் பின்னால தள்ளிப் போட்டுக் கொடுத்தோம். அவங்க இன்னும் கஸ்டமரா இருக்காங்க. வரியைக் காட்டி வாங்கினவங்க இல்லை.

2024 ஜனவரியில சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்துல வால்வு மாத்த நாலு நாள் தண்ணி நிறுத்தினாங்களே, அது வேற மாதிரி. டோபிக்குத் தண்ணி இல்லைன்னா என்ன மிச்சம்? அறிவிப்பு முன்னாடியே வந்ததால முந்தின வாரமே இரட்டை ரவுண்டு துவைச்சு கிலாங்குல குவிச்சு வச்சோம். மூணாவது நாள் ஒரு சூப்பர்வைசர், "இவ்வளவு துணியை எங்க வைக்கிறது, எடுத்துட்டுப் போங்க"ன்னு போன்.

துவைக்கிற இடத்தைப் பார்க்கப் போனா கேக்க வேண்டிய கேள்வி இன்னொண்ணு: தண்ணித் தொட்டி எவ்வளவு பெருசு?

15 ஆகஸ்ட், இரவு 10:10

கமிஷன், கடைசியா. பர்சன்டை விட எப்ப கொடுக்கிறாங்கன்னு பாரு. கையெழுத்தானதுமா, முதல் லோரி போனப்புறமா, கஸ்டமர் முதல் பில்லைக் கட்டினப்புறமா? அளவு எடுக்க ஒரு வாரம், தைக்க ரெண்டு மாசம், அதுக்குள்ள நீ வேலையை விட்டா அது யாருக்கு? கஸ்டமர் ஒரு வருஷத்துல ஓடிட்டா கொடுத்ததைத் திருப்பி வெட்டுவாங்களா? எழுத்துல வாங்கு. 2,800 அடிப்படை மோசமில்லை, முதல் அஞ்சாறு மாசம் அதை மட்டும் வச்சு வீடு ஓடுமான்னு கணக்குப் போடு.

2025 ஜூலை 1-ஆம் தேதியில இருந்து வாடகைச் சேவைக்கும் சேவை வரி வந்திருக்கு. "உங்களது வாடகையா, டோபியா"ன்னு கஸ்டமர் உன்னைத்தான் கேப்பாங்க. நீ பதில் சொல்லாதே. அக்கவுண்ட்ஸ் எழுத்துல சொல்லட்டும். நீ அவசரத்துல அடிச்ச வாட்சப் மெசேஜை ஆடிட்டர் முன்னாடி வைப்பாங்க.

பிறை பையன், 21 ஆகஸ்ட், இரவு 9:20

அக்கா, துவைக்கிற இடத்தைக் காட்டினாங்க. சிம்பாங் அம்பாட் பக்கம். அழுக்கு வர்ற வாசல் ஒரு பக்கம், சுத்தம் போற வாசல் இன்னொரு பக்கம், நடுவுல சுவர். ரெண்டு பக்கமும் கதவு வச்ச மெஷின். தண்ணித் தொட்டி கேட்டேன், சிரிச்சாங்க, ஆனா காட்டினாங்க. செப்டம்பர் 2-ல சேர்றேன். ஒரு மூலையில பழைய கோட்டு மலை மாதிரி கெடந்துச்சு. அதை என்ன பண்ணுவாங்க?

சுங்கை நிபோங் அக்கா, 21 ஆகஸ்ட், இரவு 10:35

நடுச்சுவர் இருந்தா தைரியமாச் சேரு.

பழசைக் கிழிச்சுத் துடைக்கிற துணியா விப்பாங்க. சின்டாஸ்னு அமெரிக்காவுல இருக்கிற பெரிய கம்பெனியே 1929-ல சின்சினாட்டியில அப்படி ஆரம்பிச்சதுதான். ஒரு குடும்பம் கிலாங்ல எறியற எண்ணெய்த் துணியைப் பொறுக்கி வெளுத்துத் திருப்பி வித்தாங்க. நம்ம பக்கம் காட்டன் சட்டை மட்டும்தான் போகும். பாலியெஸ்டர் தண்ணியை இழுக்காது, வொர்க்‌ஷாப்காரங்க தொட மாட்டாங்க.

ஆனா விக்கறதுக்கு முன்னாடி லோகோவை வெட்டி எடுக்கணும். எடுக்காம வெளிய போன கோட்டைப் போட்டுக்கிட்டு எவனாவது கேட்டுல நுழைஞ்சா, முதல் போன் உனக்குத்தான் வரும். வெட்டினதை எண்ணிக் கையெழுத்து வாங்கு. சனிக்கிழமை சாயங்காலம் அதை உன் தலையில கட்டப் பார்ப்பாங்க, ஸ்டோர் ஆளைக் கூட வச்சுக்கோ.